காற்றை அடைத்து வைத்த கதை

கிள்ளானிலும் ஷா ஆலத்திலும் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலும் கார் கழுவும் கடைகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முன்னால் நுரை, தண்ணீர், துணியும் கையுமாக ஓடி ஓடி வேலை செய்யும் பிள்ளைகள். பின்னால் ஒரு மூலையில், தகரக் கூரையின் கீழே, நீள உருளைத் தொட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு தடதடவென்று இரைகிற ஓர் இயந்திரம். அதைத்தான் கம்ப்ரசர் என்கிறோம். தமிழில் காற்றழுத்தி என்று சொல்லலாம். ஆனால் கடைக்குப் போய்க் கேட்கும்போது கம்ப்ரசர் என்றே கேளுங்கள். அப்போதுதான் எடுத்துக் காட்டுவார்கள்.

தோட்டம் மூடியபோது கிடைத்த நட்டஈட்டையோ, ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த சேமநிதியையோ முதலாகப் போட்டு இப்படிப்பட்ட சிறு தொழிலில் இறங்குகிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பணம் இன்னொரு முறை வராது. கடையில் இரண்டு கம்ப்ரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சாயம், ஒரே அளவுத் தொட்டி. விலை மட்டும் ஒன்றுக்கு மற்றது பாதி. எதை வாங்குவது? விற்பவர் மோட்டாரின் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவார். நேயர்களே, மோட்டாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தொட்டியைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். காற்றை அடித்து ஊதுவது மனிதனுக்கு மிகப் பழைய வேலை. அடைத்து வைப்பதுதான் புதியது, ஆபத்தானது. அதைக் கற்றுக்கொள்ள உலகத்துக்குச் சில நூற்றாண்டுகளும் பல உயிர்களும் ஆயின.

காற்றடிக்கும் கருவிகளில் நமக்கு மிகப் பழக்கமானது கொல்லன் துருத்தி. சங்கப் பாடல்களிலேயே உலைத் துருத்தி உவமையாக வந்துவிட்டது. ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ பையாகத் தைத்து, விரித்து, மிதித்து அல்லது அழுத்தி, உலைக்குள் காற்றைச் செலுத்துவார்கள். துருத்தியின் குணம் என்னவென்றால், அதில் காற்று தங்குவதில்லை. அழுத்தும்போது வரும், விட்டால் நின்றுவிடும். மிஞ்சிப் போனால் தோல் கிழியும். கொல்லர் முணுமுணுத்துக்கொண்டே தைத்துக்கொள்வார். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரும்பு உலைகள் பெரிதாகிவிட்டன, தோல் துருத்தி போதவில்லை. ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியியலாளர் 1760களில் வார்ப்பிரும்பு உருளைக்குள் தண்டு ஏறி இறங்கிக் காற்றடிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1776இல் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு முதலாளி ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தை அந்த வேலைக்குப் பூட்டினார். இன்று கார் கழுவும் கடையில் இரைகிற இயந்திரத்தின் மேற்பாதி, உருளையும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும், ஏறக்குறைய அதுதான்.

கீழ்ப்பாதியான தொட்டியின் கதை வேறு இடத்தில், ஒரு சமையல் பாத்திரத்தில் தொடங்குகிறது.

டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் ஒரு கனத்த இரும்புப் பானையைச் செய்தார். மூடியை இறுக்கித் திருகி நீராவியை வெளியே விடாமல் வைத்தால், உள்ளே வெப்பம் சாதாரணக் கொதிநிலைக்கு மேலே ஏறும், கெட்டியான எலும்புகூட வெந்து குழைந்துவிடும் என்று கண்டார். 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு இந்தப் பானையில் சமைத்து விருந்தே வைத்தார்கள். பானை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் உள்ளே அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நீராவிக்கு வழி இல்லாவிட்டால் பானையே வெடிக்கும். அதற்காகப் பாப்பின் மூடியில் ஒரு சிறு துளை போட்டு, அதன்மேல் ஓர் அடைப்பானை வைத்து, அதை ஒரு நெம்புகோலும் எடைக்கல்லும் அழுத்திக்கொண்டிருக்கும்படி செய்தார். உள்ளழுத்தம் அளவு மீறினால் எடைக்கல் தானே தூக்கிக்கொள்ளும், ஆவி வெளியேறும், பானை பிழைக்கும். வீட்டுக் குக்கரில் ‘உஸ்’ என்று சத்தம் போடுகிற வெயிட் அந்தக் கல்லின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் தொட்டியின் தலையில் பித்தளையில் சிறு வளையம் தொங்க ஒரு வால்வு இருக்கிறதே, அதுவும் அந்தக் குடும்பம்தான். எடைக்கல்லுக்குப் பதில் உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வளையத்தை இழுத்துப் பார்க்காமல் கம்ப்ரசர் வாங்காதீர்கள். தொட்டியில் காற்று நிறைந்திருக்கும்போது வளையத்தை இழுத்தால் காற்று சீறி வரவேண்டும், விட்டதும் சுத்தமாக நின்றுவிட வேண்டும். துருப்பிடித்து அசையாமல் இருந்தாலோ, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு போல்ட்டை முடுக்கி வைத்திருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பாப்பினுக்குப் பிறகு வந்த இருநூறு ஆண்டுகள் கொதிகலன்களின் காலம். ரயில், கப்பல், நெசவாலை, சுரங்கம் எல்லாவற்றையும் நீராவி ஓட்டியது. நம் சிலாங்கூருக்கும் அது வந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி 1886 செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் ஆற்றுக்கு இப்பாலுள்ள புக்கிட் கூடா வரைதான். 1890இல் பாலம் முடிந்தபிறகே கிள்ளான் நகருக்குள் போயிற்று. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபிறகு, அத்தாப்பு வீடுகளுக்குப் பதில் செங்கல் வீடு கட்டவேண்டும் என்று வந்தது. சூளைகள் பெருகிய இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னால் அதே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேத் தொழிலாளர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. 1905இல் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயில் எஞ்சின் என்பது வேறொன்றுமில்லை, சக்கரம் வைத்த கொதிகலன். அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த நம்மவர்கள் அழுத்தத்தின் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் என்று சொல்லலாம்.

ரயிலும் ஈயச் சுரங்கத்து நீராவி இயந்திரங்களும் பெருகிவந்த அந்தக் காலத்தில், 1892இல், சிலாங்கூரில் கொதிகலன் சட்டம் ஒன்று வந்தது. இந்நாட்டில் தொழில் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட முதல் சட்டம் அதுதான். ரப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே, கைகால் இழந்த தொழிலாளிக்கு நட்டஈடு என்ற பேச்சு வருவதற்கு முன்பே, கொதிகலனைப் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி இங்கே வந்துவிட்டது. தொழிலாளிமேல் இருந்த அக்கறையா, இயந்திரத்துக்குப் போட்ட முதலின்மேல் இருந்த அக்கறையா என்று நாம் கேட்கலாம். எதுவாக இருந்தாலும், வெடிக்கிற கலத்துக்குத் துரை யார், கூலி யார் என்று தெரியாது. அது பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரையும் சேர்த்தே கொண்டுபோகும்.

எப்படிக் கொண்டுபோகும் என்பதை 1905 மார்ச் 20ஆம் தேதி அமெரிக்காவின் பிராக்டன் நகரத்தில் பார்த்தார்கள். அது காலணி செய்யும் ஊர். குரோவர் காலணித் தொழிற்சாலையில் அன்று புதிய கொதிகலன் பழுது பார்ப்பில் இருந்ததால், மாற்றாக வைத்திருந்த பழைய கொதிகலனை ஓட்டினார்கள். காலையில் வேலை தொடங்கியபின் அது வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் மாண்டார்கள். அதன்பிறகு 1907இல் அந்த மாநிலம் கொதிகலன்களுக்குக் கடுமையான விதிகளை வகுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் நாடு முழுவதற்கும் பொதுவான விதிநூலைத் தயாரித்து 1915இல் வெளியிட்டது. தகடு எவ்வளவு கனம் இருக்கவேண்டும், பற்றவைத்த இடம் எப்படி இருக்கவேண்டும், வால்வு எந்த அளவில் திறக்கவேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் எழுத்தில் வந்தது. இன்று உலகில் பல நாடுகளில் அழுத்தக் கலன்களைச் செய்கிறவர்கள் அந்த நூலின் வழிவந்த விதிகளைத்தான் புரட்டுகிறார்கள். பழைய கொதிகலன், ‘இன்றைக்கு ஒருநாள் ஓட்டிக்கொள்வோம்’ என்ற எண்ணம் – இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொட்டி வாங்கும் பேச்சு வரும்போது உதவும்.

கொதிகலனை எப்படிச் சோதிப்பது? அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. கலத்தைத் தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை பம்பினால் அழுத்திப் பார்ப்பார்கள். தண்ணீரால் ஏன்? தண்ணீர் அழுத்தினாலும் சுருங்காது. தகட்டில் வெடிப்பு விட்டால் நாலு சொட்டு ஒழுகும், அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று அப்படி அல்ல. ராபர்ட் பாயில் 1662இல் சொன்ன விதிப்படி, அழுத்த அழுத்த அது சுருங்குகிறது. விட்டால் பழைய அளவுக்கு விரிகிறது. எட்டு பார் அழுத்தத்தில் நூறு லிட்டர் தொட்டிக்குள் இருப்பது, வெளியே வந்தால் தொள்ளாயிரம் லிட்டர் ஆகிற காற்று. தொட்டி கிழிந்தால் அத்தனையும் ஒரே நொடியில் விரியப் பார்க்கும். ஆகவேதான், தொட்டி பலமாக இருக்கிறதா என்று காற்றை ஏற்றிப் பார்த்துச் சோதிப்பது சோதனை அல்ல. அது சூதாட்டம்.

கொதிகலனில் நெருப்பு உண்டு. பார்த்தால் பயம் வருகிறது. காற்றுத் தொட்டியில் நெருப்பு இல்லை, தொட்டால் குளிர்ச்சியாகக்கூட இருக்கும். அதனால் யாரும் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நம் நாட்டுச் சட்டம் அதற்கு வைத்திருக்கும் மலாய்ப் பெயரே ‘பெங்கண்டோங் தெக்கானான் தாக் பெராப்பி’ என்பது. நெருப்பில்லாத அழுத்தக் கலம் என்று அர்த்தம். நெருப்பில்லாவிட்டாலும் நீ கொதிகலனின் தம்பிதான் என்று சட்டம் சொல்கிறது.

காற்றைத் தொட்டியில் அடைத்துத் தூரத்தில் வேலை வாங்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது ஒரு மலைக் குகை. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் விட 1857இல் வேலை தொடங்கினார்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலான குகை. சம்மட்டியும் உளியுமாகக் குடைந்தால் ஒரு தலைமுறை ஆகும். நீராவி இயந்திரத்தைக் குகைக்குள் கொண்டுபோனால் புகையிலேயே ஆட்கள் செத்துப்போவார்கள். ஜெர்மான் சொம்மையே என்ற பொறியியலாளர் மலையருவியின் வேகத்தால் காற்றை அழுத்தி, குழாய் வழியே உள்ளே அனுப்பி, அந்தக் காற்றாலேயே துளையிடும் இயந்திரத்தை ஓட்டினார். துளையிட்டபின் வெளியேறும் காற்று, உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சுக் காற்றாகவும் ஆயிற்று. 1870 டிசம்பரில் இரு பக்கத்து ஆட்களும் நடுவில் சந்தித்தார்கள். திறப்பு விழா 1871 செப்டம்பரில் நடந்தது. சொம்மையே அதே ஆண்டு ஜூலையில் காலமாகிவிட்டார். அந்தக் குகை வேலையைப் பற்றிப் பத்திரிகையில் படித்துத்தான் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க இளைஞருக்கு ரயிலைக் காற்றால் நிறுத்தலாம் என்று தோன்றியது. 1869இல் அவர் செய்த காற்று பிரேக்கின் வழிவந்ததுதான் இன்று லாரி நிற்கும்போது ‘புஸ்’ என்று சீறுகிறதே, அந்த பிரேக்.

அடுத்து வருவது நம்முடைய சொந்தக் கதை. வடக்கு அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் இருந்த ஜான் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். தன் பையனின் மூன்று சக்கர சைக்கிள் கல்ரோட்டில் கடகடவென்று குதிப்பதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் அதற்கு உரிமம் பெற்றார். அதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1845இலேயே உரிமம் பெற்றிருந்தார். அப்போது சைக்கிளும் இல்லை, மோட்டார் காரும் இல்லை, யாருக்கும் அது தேவைப்படவில்லை. டன்லப் காலத்தில் சைக்கிள் இருந்தது, பின்னாலேயே கார் வந்தது. 1908இல் போர்டு நிறுவனத்தின் டி மாடல் கார் வந்தபின் டயருக்கு வேண்டிய ரப்பர் எங்கும் போதவில்லை.

கோலகங்சாரில் 1877இல் நட்ட சில கன்றுகளும், 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைக் கண்டதும், 1890களில் காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டதும் அதற்கு முன்பே நடந்துவிட்டன. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது கிள்ளான், பெட்டாலிங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் காடு எரிந்து ரப்பர் மரம் வரிசை கட்டியது. அந்த வரிசைகளுக்காகத்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டார்கள். விடியற்காலையில் நிரை பிடித்து அவர்கள் வெட்டிய பாலில் பெரும்பகுதி, ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய காரில் காற்றை அடைத்து வைக்கும் பையாகத்தான் போயிற்று. 1960களில் டன்லப்பின் பெயரிலேயே பெட்டாலிங் ஜெயாவில் டயர்த் தொழிற்சாலை வந்தது.

பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் எபிங்காம் தோட்டம். சுபாங் ஜெயா முன்பு சீபீல்டு தோட்டம். 1976இல் அங்கே நகர் அமைக்கும் வேலை தொடங்கியது. ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலம். 1978இல் மாநிலத் தலைநகர் ஆனது. அங்கேதான் 1985இல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. பால்மரம் நின்ற மண்ணில் கார் வந்து நின்றது. கார் வந்தால் கழுவ ஆள் வேண்டும்.

கார் கழுவுவதைத் தனித் தொழிலாக அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 1914இல் ஆரம்பித்தார்கள். அப்போது காரைக் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒருவர் சோப்புப் போட, ஒருவர் கழுவ, ஒருவர் துடைப்பார். இன்று நம் பக்கத்துக் கடையில் பாதி வேலை காற்றுக்கு. ‘ஸ்னோ வாஷ்’ என்கிறார்களே, அந்த நுரை துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிக்குள் காற்றழுத்தம் கொடுத்துத்தான் வருகிறது. காரை மேலே தூக்கும் ஒற்றைத் தூணில் காற்று எண்ணெயை அழுத்துகிறது, எண்ணெய் தூணைத் தூக்குகிறது. கண்ணாடி இடுக்கிலும் கதவு ஓரத்திலும் நிற்கும் தண்ணீரை ஊதித் தள்ளுவது காற்று. கிளம்பும்போது டயருக்கும் காற்று. ஆகவே கம்ப்ரசர் நின்றால் கடையே நிற்கும். சனி, ஞாயிறு இரண்டு நாள் நின்றால் அந்த வாரத்து வருமானமே போயிற்று.

இப்போது தொட்டிக்கு வருவோம். எட்டு பார் என்றால் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் தகட்டின்மேலும் எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமான பாரம். மானியில் இன்னொரு வரிசையில் 115 என்று சுமாராகக் காட்டும். அது சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்ற பழைய கணக்கு. தொட்டியின் ஓரமூடி 40 செண்டிமீட்டர் அகலம் என்றால் அந்த ஒரு மூடியின்மேல் மட்டும் பத்து டன் பாரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சாகா கார் ஏறத்தாழ ஒரு டன். பத்துக் கார்களின் பாரத்தை, மூடியைச் சுற்றிப் பற்றவைத்த ஒரு கோடு தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டை நன்றாகப் பாருங்கள். ஒரே சீராக, இடைவெளி இல்லாமல் இருக்கவேண்டும். ஒட்டுப்போட்ட தகடு, மறுபடி பற்றவைத்த தழும்பு, அதை மறைக்கக் கனமாகப் பூசிய புதுச் சாயம் இருந்தால் அது வேண்டாம். பழைய எரிவாயுக் கலத்தை வெட்டிக் காற்றுத் தொட்டியாக்குவோரும் உண்டு. அதன் பக்கமே போகாதீர்கள். நுரைத் தொட்டியும் அழுத்தக் கலம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்; பளபளப்பாக இருப்பதால் அது சமையல் பாத்திரம் ஆகிவிடாது.

தொட்டிக்கு உள்ளிருந்து வரும் எதிரி தண்ணீர். காற்றில் ஏது தண்ணீர் என்று கேட்கலாம். நம் நாட்டுக் காற்று ஈரமானது. முப்பது டிகிரி வெப்பத்தில், நூற்றுக்கு எண்பது ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அழுத்திக் குளிரவிட்டால், அவ்வளவு ஆவியையும் தாங்க அதற்கு இடம் இல்லை. இருபது கிராமுக்கு மேல் தண்ணீராக வடிந்துவிடும். நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றுத் தருகிற இயந்திரம் ஒரு நாளில் நாலு மணி நேரம் ஓடினால் 72 கன மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் தொட்டியின் அடியில் தேங்குகிறது, ஒவ்வொரு நாளும். வெளியே சாயம் புதிதாக மின்னும்போதே உள்ளே அடித்தகடு துருவால் மெலிந்துகொண்டிருக்கும். ஆகவே தொட்டியின் அடியில் வடிகால் திருகு இருக்கிறதா, குனிந்து கையால் திறக்கக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய கம்ப்ரசர் என்றால் அந்தத் திருகைத் திறந்து பார்த்தாலே அதன் சரித்திரம் தெரிந்துவிடும். கொஞ்சம் கலங்கல் தண்ணீர் வந்தால் பாதகமில்லை. செம்மண் குழம்புபோல் வந்து, கையில் துருச் செதில் அகப்பட்டால், முன்னே வைத்திருந்தவர் அதைத் திறந்ததே இல்லை.

தொட்டியில் ஓர் உலோகத் தகடு பதித்திருக்க வேண்டும். செய்தவர் பெயர், வரிசை எண், செய்த ஆண்டு, கொள்ளளவு, எந்த அழுத்தத்துக்குச் செய்தது, எந்த அழுத்தத்தில் சோதித்தது எல்லாம் அதில் இருக்கும். ஒட்டிவிட்ட காகிதம் தகடு ஆகாது. 1892இல் சிலாங்கூரில் தொடங்கிய சட்டம் 1913, 1932, 1953 என்று உருமாறி, 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டமாகி, 1970 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. காற்றுத் தொட்டிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும், 15 மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. 2024 ஜூன் முதல் தேதி அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் தகுதிச் சான்றிதழ் நீங்கவில்லை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் அது தொடர்கிறது. ஆகவே விற்பவரிடம், ‘இதற்குப் பதிவு எண் உண்டா, சான்றிதழ் எங்கே?’ என்று கேளுங்கள். ‘அதெல்லாம் யார் பார்க்கிறார்கள், அண்ணாச்சி!’ என்று பதில் வந்தால், பாதி விலைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தகட்டில் உள்ள விவரங்களை எழுதிக்கொண்டுபோய் ஜேகேகேபி என்கிற வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் மாநில அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு கடைக்குப் பிஸ்டன் கம்ப்ரசர் போதும். மோட்டாரையும் பம்பையும் பெல்ட் இணைப்பது நல்லது. பம்பு மெதுவாகச் சுற்றும், சூடு குறையும், பழுது பார்ப்பதும் சுலபம். மோட்டாரோடு நேராகக் கோத்த சிறிய வகை, வீட்டில் சைக்கிளுக்குக் காற்றடிக்க நல்லது. நாள் முழுவதும் ஓடும் வேலைக்கு அது தாங்காது. ஸ்குரு வகை ஓயாமல் ஓடும், சத்தமும் குறைவு, ஆனால் விலை அதிகம். ஓயாத வேலை இருக்கிற பெரிய கடைக்குத்தான் கட்டும். சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். அதனால் பிஸ்டன் வகைக்கு ஓய்வு வேண்டும். அழுத்தம் நிறைந்ததும் தானே நின்று, குறைந்ததும் தானே கிளம்பவேண்டும். நிற்கும்போது ‘புஸ்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். பம்பின் தலையில் தங்கிய காற்றை வெளியே விடுகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அடுத்த முறை மோட்டார் பாரத்தோடு கிளம்பத் திணறும், சீக்கிரம் எரிந்துபோகும். பெல்ட்டுக்குக் கம்பிக் கூண்டு இருக்கவேண்டும். இன்னொன்று, காற்றுக் குழாயைப் பிள்ளைகள் விளையாட்டாக ஒருவர்மேல் ஒருவர் பிடிப்பார்கள். கண்ணும் காதும் போய்விடும், அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

கடைசியாக, விற்பவர் சொல்லும் லிட்டர் கணக்கு. பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் அசைகிற இடத்தின் அளவு. குழாய் வழியே உண்மையில் வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு, சிலவற்றில் மிகவும் குறைவு. இதைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் ஒன்று போதும். தொட்டி 150 லிட்டர் என்றால், காலியான தொட்டியை எட்டு பாருக்கு ஏற்ற 1200 லிட்டர் காற்று உள்ளே போகவேண்டும். நிமிடத்துக்கு 300 லிட்டர் என்று அவர் சொன்னால் நாலு நிமிடத்தில் முள் எட்டைத் தொடவேண்டும். வடிகாலைத் திறந்து தொட்டியைக் காலியாக்கச் சொல்லுங்கள், மூடச் சொல்லுங்கள், ஓட்டச் சொல்லுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு நிமிடம் ஆனால் அது 200 லிட்டர் இயந்திரம். 200 லிட்டர் இயந்திரத்துக்கு உரிய விலையைத்தான் கொடுக்கவேண்டும். நிறைந்தபிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அங்கேயே நின்று கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். முள் இறங்காமல் இருந்தால் வால்வும் இணைப்பும் ஒழுகவில்லை. பிறகு விலையைப் பேசலாம்.